மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா?



ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் என் வீட்டிற்குச் சில பெற்றோர்கள் வருவார்கள். கையில் ஏதேனும் ஒரு கடையின் விளம்பரத் தாள் இருக்கும். "பையன் கல்லூரியில் சேரப் போகிறான். லேப்டாப் வேண்டுமாம். இதில் எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்" என்பார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். கணிப்பொறி என் பாடமன்று. ஆயினும் இயற்பியல் ஆசிரியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நான் ஒரு முறை பொய்யாக்கிவிட்டேன். அதைச் சொல்லிவிட்டே மற்றதைத் தொடங்குவது முறை.

2018ஆம் ஆண்டு எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர் தம் மகளுடன் வந்தார். அவர் கொண்டுவந்த தாளில் இரண்டு மடிக்கணினிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். ஒன்றில் கோர் ஐ-3 செயலி. மற்றொன்றில் கோர் ஐ-5. இரண்டிலும் நினைவகம் 4 ஜி.பி. தான். இரண்டிலும் 1,000 ஜி.பி. கொள்ளும் வன்தட்டுதான். இரண்டாவதன் விலை பத்தாயிரம் ரூபாய் கூடுதல். "செயலிதானே கணிப்பொறியின் மூளை, நல்ல மூளையாகப் பார்த்து வாங்குங்கள்" என்றேன். அவர் தயங்கினார். பின்னர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தக் கூடுதல் பத்தாயிரத்திற்காக அவர் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதங்கள் கழித்து அந்தப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், கெட்டுப் போகலை. ஆனா ஆன் பண்ணிட்டு அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்துட்டு வர்றேன், அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வேலை செய்யும் நிலைக்கு வர இரண்டரை நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது இணையத்தில் இரண்டு பக்கங்களைத் திறந்தால் எல்லாம் நின்று நின்று நகர்ந்தது.

கணிப்பொறியில் பழுதில்லை. பழுது என் யோசனையில் இருந்தது.

சமையற்காரரும் உக்கிராணமும்

நான் என்ன தவறு செய்தேன் என்பதை ஒரு கல்யாணச் சமையற்கட்டை வைத்து விளக்குகிறேன்.

அங்கே ஒரு தேர்ந்த சமையற்காரர் இருக்கிறார். அவர் எதிரே காய்கறி, மசாலா, பாத்திரங்கள் பரப்பிய மேடை இருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பொருள்கள் இருப்பது உக்கிராண அறையில். மேடையில் இருப்பதை அவர் கை நீட்டி எடுத்துவிடுவார். இல்லாத பொருளுக்கு உக்கிராணத்திற்கு ஆள் அனுப்ப வேண்டும். ஆள் திரும்பி வரும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கணிப்பொறியில் சமையற்காரர் செயலி. மேடை நினைவகம், கடைக்காரர்கள் 'ராம்' என்பது இதைத்தான். உக்கிராணம் சேமிப்பகம், அதாவது நிரல்களும் கோப்புகளும் நிரந்தரமாக இருக்கும் இடம். மேடை சிறியதாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. புதிய பொருளுக்கு இடமில்லாமல் இருக்கிற பொருளை உக்கிராணத்திற்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சற்று நேரத்தில் அதையே மறுபடி வரவழைக்க வேண்டும். நினைவகம் போதாத கணிப்பொறி ஓயாமல் செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான்.

இப்போது இவற்றின் காலங்களைக் கணக்கிடுவோம். 2 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு நொடியில் 200 கோடி முறை துடிக்கிறது. ஆகவே ஒரு துடிப்பிற்கு அரை நானோ நொடி. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும்.

அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் இருந்த வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 சுற்றுகள் சுற்றுவது. அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. நமக்கு வேண்டிய செய்தி தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை உரிய வட்டத்திற்கு நகர இன்னும் 10 மில்லி நொடி அளவில் ஆகும். ஆகக் கூட்டினால் சுமார் 15 மில்லி நொடி. எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது. எல்லாம் சிலிக்கன் சில்லுகள். அதற்கு ஏறத்தாழ 100 மைக்ரோ நொடி போதும்.

நானோ, மைக்ரோ, மில்லி என்று சொன்னால் மூன்றும் நமக்கு ஒன்றுபோலவே படும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரு கோடி மடங்கு பெருக்கிப் பாருங்கள். மேடையிலிருந்து ஒரு பொருளை எடுக்க ஒரு நொடி. எஸ்.எஸ்.டி. என்ற உக்கிராணத்திற்குப் போய் வர 1,000 நொடி, அதாவது சுமார் 17 நிமிடம். வன்தட்டுக்குப் போய் வர? ஒன்றரை இலட்சம் நொடி. கிட்டத்தட்ட 42 மணி நேரம்!

உப்பு வாங்கப் போன ஆள் நாளை மறுநாள் வருவான் என்றால் சமையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்து என்ன பயன்? பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அந்தக் குடும்பம் வாங்கியது இன்னும் விரைவாகச் சமைக்கத் தெரிந்த ஒரு சமையற்காரரை. அவருக்கோ நிற்பதே வேலையாக இருந்தது. தொடர் நிகழ்வு ஒன்றில் மிக மெதுவான கட்டமே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்த நான், விளம்பரத் தாளைக் கண்டதும் அதை மறந்துவிட்டேன்.

திருகாணி காட்டிய வழி

மறுநாள் என் ஆய்வகத்தில் அந்த மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்து, அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றினோம். அந்தப் பெண்ணையும் உடன் வைத்துக்கொண்டேன். உள்ளே நினைவகத்திற்கான இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலியாக இருந்தது. அதில் இன்னொரு 4 ஜி.பி.யைச் செருகினோம். வன்தட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். இரண்டிற்குமாகச் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் ஆயிற்று. அதை நான் கொடுத்தேன். கொடுக்க வேண்டியவனும் நானே.

இரண்டரை நிமிடம் இருபது நொடிக்குள் வந்தது. செயலி அதேதான். அந்த ஐ-3 மடிக்கணினியை வாங்கி இதே மாற்றத்தைச் செய்திருந்தாலும், கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் பாடங்களைப் பார்ப்பதற்கும் ஏறத்தாழ இதே வேகம் கிடைத்திருக்கும். சங்கிலி வீட்டிலேயே இருந்திருக்கும்.

இதிலிருந்து நான் கற்றவை இரண்டு. குறைந்த விலையில் மடிக்கணினி தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது செயலியின் பெயரை அன்று, நினைவகத்தையும் சேமிப்பகத்தையுமே. இது ஒன்று. திறந்து பழுது பார்க்கவும் பாகம் மாற்றவும் இடம் தரும் கணிப்பொறியே ஏழை வீட்டுக்கு ஏற்ற கணிப்பொறி. இது மற்றொன்று. யோசனை தவறாகப் போனாலும் அதைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது அல்லவா? இவ்விரண்டில் இரண்டாவதே பெரிது என்பது என் கருத்து.

அதே வலை, புது உருவில்

"இப்போது வரும் புது மடிக்கணினிகளில் வன்தட்டே இருப்பதில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பெரும்பாலானவற்றில் எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. ஆனால் மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் சிலவற்றில் 64 ஜி.பி. அல்லது 128 ஜி.பி. அளவுள்ள இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்பகம் இருக்கும். விலை குறைந்த கைப்பேசிகளில் உள்ளது போன்ற ஒரு சில்லு இது. எஸ்.எஸ்.டி.யை விட மெதுவானது. அதைவிட முக்கியம், அது தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அதனுடன் நினைவகமும் 4 ஜி.பி. அளவில் பற்றவைக்கப்பட்டிருந்தால், வாங்கிய அன்றே அந்தக் கணிப்பொறியின் ஆயுள் முடிவாகிவிட்டது என்று பொருள்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. விற்பவர் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட் என்று கொள்கிறார். விண்டோஸ் 2இன் 30ஆவது அடுக்கை, அதாவது 107 கோடிக்குச் சற்று மேற்பட்ட பைட்டை, ஒரு ஜி.பி. என்று காட்டுகிறது. ஆகவே 256 ஜி.பி. என்று வாங்கியது திரையில் 238 என்று தெரியும். 64 என்பது 60க்கும் கீழே வந்துவிடும். யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல் இரண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த 60இலிருந்து விண்டோஸே 20 முதல் 30 ஜி.பி. வரை எடுத்துக்கொண்டால் மீதியில் நீங்கள் எதை வைப்பீர்கள்? அடுத்த புதுப்பிப்புக்கு எங்கே இடம் இருக்கும்?

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளர் கூறும் விதி. கடைக்காரர்கள் இதைக் காட்டி "இதுவே போதும்" என்பார்கள். அது தேர்வில் 35 மதிப்பெண் போன்றது. தேர்ச்சி உண்டு, ஆனால் அதை இலக்காக வைத்து யாரும் படிப்பதில்லை. என் கணக்கில் 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இவ்விரண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். கையில் பணம் மிஞ்சினால் செயலியில் போடாமல் 16 ஜி.பி. நினைவகத்தில் போடுங்கள். நினைவகச் சில்லுகளின் விலை ஏறி இறங்கும் தன்மையுடையது. 2025இன் பிற்பகுதியில் அது கடுமையாக ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் 8 ஜி.பி.யும் ஒரு காலி ஸ்லாட்டும் உள்ள கணிப்பொறியை வாங்கிவிட்டு, விலை இறங்கும்போது மீதியைச் சேர்ப்பது அறிவுடைமை.

கிகாஹெர்ட்ஸ் மயக்கம்

செயலியைப் பற்றி ஒன்றுமே பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கொண்டு ஒரு செயலியை மற்றொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது செயலிக்குச் செயலி மாறும். குட்டைக்கால் மனிதர் நிமிடத்திற்கு 120 அடி வைத்தாலும், நெட்டைக்கால் மனிதர் 100 அடியில் அவரைத் தாண்டிவிடலாம்.

தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வேகம். அதை நெடுநேரம் தாங்க முடியாது. காரணம் வெப்பம். செயலி செலவழிக்கும் திறன், துடிப்பு எண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். துடிப்பை இரட்டிப்பாக்க மின்னழுத்தத்தை 1.2 மடங்கு உயர்த்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் 2 × 1.44, அதாவது 2.88 மடங்காகும். வேகம் இரண்டு மடங்கு. சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. மெலிந்த உடலும் சிறு விசிறியும் உள்ள மடிக்கணினி இந்தச் சூட்டை வெளியே தள்ள முடியாமல் சில நிமிடங்களில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அன்றாட வேலைகளுக்கு அண்மைக் காலத்து கோர் ஐ-3, ரைசன் 3 போன்றவை தாராளம். எழுதுவதும் படிப்பதும் மட்டுமே என்றால் என்-100 போன்ற எளிய செயலியே போதும்.

கண்ணுக்கும் கைக்கும்

விளம்பரத் தாள் அதிகம் பேசாத பாகங்கள் மூன்று: திரை, விசைப்பலகை, மின்கலம். நாள்தோறும் நம் உடம்போடு உறவாடுபவை இவைதாம்.

1366 × 768 புள்ளிகள் உள்ள திரையில் மொத்தம் பத்தரை இலட்சம் புள்ளிகள். 1920 × 1080 திரையில் இருபது இலட்சத்துக்கும் மேல். எழுத்தின் கூர்மை இதனால் கூடுகிறது. கடையில் திரையை நேராக மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் வெளிறிப்போனால் மலிவான திரை என்று அறியலாம். விசைப்பலகையில் உங்கள் பெயரையும் முகவரியையும் பத்து முறை தட்டிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மின்கலம் "பத்து மணி நேரம்" என்று எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். மின்கலத்தின் ஒட்டுத்தாளிலோ விவரப் பட்டியலிலோ வாட்-மணி என்ற அளவு இருக்கும். இல்லாவிட்டால் மின்னழுத்தத்தை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 11.4 வோல்ட், 3.7 ஆம்பியர்-மணி என்றால் 42 வாட்-மணி. எளிய வேலையில் மடிக்கணினி 7 வாட் செலவழித்தால் ஆறு மணி நேரம் வரும். 14 வாட் செலவழித்தால் மூன்றே மணி. லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். சூடு அதை விரைவுபடுத்தும். மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். எப்படியும் சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்ற நேரும். ஆதலால் அது திருகாணியால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

போதுமானது என்ற ஒரு மனிதர்

"போதும்" என்ற சொல்லைக் கணிப்பொறித் தொழிலில் துணிந்து சொன்ன ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ஆடம் ஆஸ்பர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்த ஆங்கிலேயர். ஆனால் அவருடைய இளமைப் பருவத்தின் ஒரு பகுதி நம் திருவண்ணாமலையில் கழிந்தது; அவர் தந்தை ரமணரின் அடியார். பிற்காலத்தில் அமெரிக்காவில் தொழில் நடத்தியவர், 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

1981இல் அவர் 'ஆஸ்பர்ன் 1' என்னும் கணிப்பொறியை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லும்படி அமைந்து, வணிகத்தில் வெற்றி பெற்ற முதல் கணிப்பொறிகளில் அது முக்கியமானது. எடை ஏறத்தாழ 11 கிலோ! திரை ஐந்து அங்குலம். நினைவகம் 64 கிலோ பைட். நான் மேலே குறிப்பிட்ட 8 ஜி.பி. இதைப் போல் 1,31,072 மடங்கு. விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தார். மிகச் சிறந்ததைத் தேட வேண்டியதில்லை, வேலைக்குப் போதுமானதே போதும் என்பது அவர் கொள்கை. மக்கள் அதை விரும்பி வாங்கினர்.

பிறகு நடந்ததும் ஒரு பாடம். அடுத்து வரப்போகும் கணிப்பொறி இதைவிடச் சிறந்தது என்ற செய்தி முன்கூட்டியே பரவியது. வாங்க நினைத்தவர்கள் "அது வரட்டும்" என்று காத்திருக்கத் தொடங்கினர். நிறுவனம் 1983இல் நொடித்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் வருங்காலப் பொருளைக் காட்டி நிகழ்காலப் பொருளைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். வாங்குவோருக்கும் இது பொருந்தும். அடுத்த மாதம் இதைவிட நல்லது வரும், எப்போதும் வரும். அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. வேலை இருக்கும்போது, வேலைக்குப் போதுமானதை வாங்க வேண்டியதுதான்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம் என்றே சொல்வேன். பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் மடிக்கணினிகள் துப்புரவு செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இதற்கென்றே கடைகள் உண்டு. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டவை பொதுவாக உறுதியான கீல்களும் நல்ல விசைப்பலகையும் உடையவை. பலவற்றை எளிதில் திறக்கலாம். புதிய மலிவுக் கணிப்பொறியைக் காட்டிலும் இவற்றில் ஒன்று உங்களுக்கு அதிக நாள் உழைக்கக்கூடும்.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11க்குத் தகுதியான கணிப்பொறியா என்று பாருங்கள். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் இந்தத் தடையும் இல்லை. அது இலவசமாகக் கிடைப்பது, பழைய கணிப்பொறியிலும் ஓடுவது. ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டுள்ளதா என்பதைக் கடையிலேயே ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

புதியதோ பழையதோ, பணத்தை எடுக்கும் முன் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. நினைவகம் ஸ்லாட்டில் செருகப்பட்டதா, பலகையில் பற்றவைக்கப்பட்டதா? காலி ஸ்லாட் உண்டா?
2. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. தானா? அதைக் கழற்றி வேறு போட முடியுமா?
3. மின்கலத்தை மாற்ற முடியுமா? அது தனியாக விற்கிறதா?
4. அடிப்பலகையைச் சாதாரணத் திருகாணிகளைக் கழற்றித் திறக்கலாமா? திறந்தால் உத்தரவாதம் என்னாகும்?

"அதெல்லாம் எதற்கு?" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இது வாங்குபவரின் வீம்பன்று. பழுது பார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022இல் ஒரு குழுவையே அமைத்தது. மேலும், ஒரு மடிக்கணினியால் வெளிப்படும் கரிமத்தின் பெரும்பகுதி அதை உற்பத்தி செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. மூன்றாண்டில் எறிய வேண்டியதை ஏழாண்டு ஓட்டினால் உங்கள் தந்தையின் பணப்பைக்கு மட்டுமன்று, பூமிக்கும் நன்மை.

என் நண்பர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. "கொஞ்சம் கூடக் கொடுத்து உயர்ந்ததாக வாங்கிவிட்டால் நீண்ட நாள் வரும்" என்பது அவர்கள் வாதம். நீண்ட நாள் வருவது உயர்ந்த செயலியால் அன்று. மாற்றக்கூடிய பாகங்களால் என்பதே என் விடை. படத்தொகுப்பு, பொறியியல் வரைபடம், பெரிய விளையாட்டுகள் இவற்றுக்கு வலிமையான கணிப்பொறி வேண்டும் என்பது மெய். ஆனால் அந்த வேலை உங்களுக்கு உண்டா என்பது கல்லூரியில் ஓராண்டு கழிந்த பின் தெரியும். அப்போது வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2025-26 வரவு செலவுத் திட்டத்திலும் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், கடன் வாங்கும் முன் அதையும் விசாரியுங்கள்.

செய்து பாருங்கள்

இறுதியாக ஒரு சிறு சோதனை. பள்ளியிலோ வீட்டிலோ உள்ள ஒரு விண்டோஸ் கணிப்பொறியை இயக்கி, வேலை செய்யும் நிலைக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். செயலி, நினைவகம், தட்டு ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்று ஒரு பட்டியல் தோன்றும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்துகொண்டே அந்த மூன்று எண்களையும் கவனித்து நோட்டில் குறியுங்கள். எது 100ஐ நெருங்குகிறது? சமையற்காரரா, மேடையா, உக்கிராணமா? நான்கைந்து கணிப்பொறிகளில் இப்படிக் குறித்தீர்களானால், எந்த விளம்பரத் தாளையும் படிக்கும் தகுதி உங்களுக்கு வந்துவிடும்.

அந்தத் தையற்காரர் சங்கிலியை மீட்டுவிட்டார். ஆனால் ஓராண்டுக்கு மேல் வட்டி கட்டினார். அவர் மகள் படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். அதே மடிக்கணினி அவள் தம்பியிடம் லினக்ஸ் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கலத்தை ஒரு முறை மாற்றியிருக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோகவில்லையாம், திருகாணியைக் கழற்றி அவளே மாற்றினாளாம்.